வைரவன் தட்டிய சுவிட்சு

"அண்ணே, ஒண்ணு அவரு இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ண நீங்களே சொல்லுங்க."

ஜெயலெட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். ஹட்டனில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக் கல்யாணம். பந்தலில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் கச்சேரி.

நல்லமுத்து ஆர்மோனியத்தைத் துடைப்பதை நிறுத்தினார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் தேடிப் பிடித்து இந்த இசைக்குழுவை உண்டாக்கியவர் அவர்தான்.

"வைரவன் என்னம்மா செஞ்சான்?"

"என்ன செய்யல? நான் தொண்டைய ஒசத்திப் பாடுறப்பல்லாம் கிட்டாருல இருக்குற சுவிட்சத் தட்டி விட்டுர்றாரு. என் பாட்டே அமுங்கிப் போகுது. கைதட்டு பூரா அவருக்கு!"

அவள் சொன்னது பொய்யில்லை. எல்லாரும் கண்ணால் பார்த்ததுதான்.

தோட்டத்து லொறி ஓட்டும் வைரவனுக்கு, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்துரை ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போன கரண்டு கிட்டார் அது. சும்மா சொல்லக் கூடாது, என்ன ஒரு நாதம்! அதன் உடம்பில் விரல் நுனி அளவுக்கு ஒரு சுவிட்சு. மேலே தள்ளி வைத்தால் சத்தம் குழைந்து வரும். கீழே தட்டினால் கூர்மையாகக் கிளம்பிக் கடைசி வரிசைக்காரனையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கலந்து வரும். வாசிப்பு நிற்காமல், தாளம் மயிரிழை தப்பாமல் வைரவன் அதைத் தட்டுகிற அழகைப் பார்க்கவே இளவட்டங்கள் முண்டியடித்து முன்னால் வந்து உட்காருவார்கள்.

கெட்டிக்காரன்தான். ஆனால் தலைக்கனமும் கூடவே வந்துவிட்டதே என்று நல்லமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. ஒத்திகையில் கண்டிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஒத்திகை நடப்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில். அங்கே கரண்டு ஏது? கிட்டார் ஊமையாக இருக்கும். ஜெயலெட்சுமியும் தொண்டையை மிச்சம் பிடிக்க முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்வாள். சண்டையெல்லாம் மேடை ஏறிய பிறகுதான்.

வைரவனைக் கூப்பிட்டார்.

"டேய், பாட்டுக்குத்தான் கிட்டாரு. இன்னைக்கு அந்தப் புள்ள பாடுறப்ப சுவிட்சு மேல ஒன் கை போச்சுன்னா, இதோட நீ நம்ம பார்ட்டியில இல்ல. வெளங்குதா?"

வைரவன் முகம் செத்துப்போனது. அந்தக் கச்சேரிகளை விட்டால் அவனுக்கு வேறு சந்தோஷமே கிடையாது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் ஜெயலெட்சுமி நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"வெளங்குதுண்ணே."

கச்சேரி களைகட்டியது. நல்லமுத்து ஆர்மோனியத்தை வைரவனுக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை அவன் கை மேலேயே வைத்திருந்தார். பையன் அடங்கித்தான் வாசித்தான்.

"தங்கச்சி, அந்த முருகன் பாட்டப் பாடும்மா!" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்.

ஜெயலெட்சுமி பூரித்துப்போய் எடுத்தாள். பல்லவி தேனாக இறங்கியது. சரணத்தில் குரல் மேலே ஏறத் தொடங்கியது.

வைரவன் கை சுவிட்சுக்குப் போனது.

நல்லமுத்து எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்கண்ணே, ஒங்களக் கும்புடுறேன்" என்று கிசுகிசுத்தான்.

"வாய மூடு."

அதற்குள் உச்சிக்குப் போன குரல் பிசிறியது. கரகரத்து உடைந்து, வெறும் காற்றாய்ப் போனது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நல்லமுத்து ஜெயலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளைப் பெக்டரிக்குள்ளே தேயிலை சலிக்கும் வேலைக்கு மாற்றியதிலிருந்து அவள் இருமிக்கொண்டே இருப்பதை அவரும் பார்த்திருக்கிறார். தேயிலைத் தூசி தொண்டைக்குள் இந்த வேலை செய்திருப்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை கச்சேரியில் அது யார் காதிலும் விழவில்லை. அவள் காதிலேயே விழவில்லை.

வைரவனின் கையை உதறிவிட்டு, நல்லமுத்துவே அந்தச் சுவிட்சைக் கீழே தட்டினார்.

கிட்டார் வீறிட்டுக் கிளம்பியது. உடைந்த குரலை மூடிக்கொண்டு அந்த வரியை வைரவன் மேலே கொண்டுபோய் நிறுத்தி, பதமாக இறக்கி, பல்லவியில் அவளிடமே ஒப்படைத்தான். பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

இடைவேளையில் ஜெயலெட்சுமி பந்தலுக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

"பாத்தீங்களாண்ணே! நீங்க பக்கத்துல இருந்தும் தட்டிட்டாரு. மைக்கு வேற நேரங்காலம் தெரியாம கரகரன்னுது. இவருக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டான். முன்வரிசையில் சிரித்தவனை மனசுக்குள் திட்டியபடி நல்லமுத்து அவளைச் சமாதானப்படுத்தினார்.

"மைக்குதாம்மா. நான் பாத்துக்கிறேன். நீ போயி ஒரு வாய் சுடுதண்ணி குடி."

வைரவனை முறைத்துவிட்டு அவள் போனாள். அவள் மறைகிறவரை காத்திருந்து, நல்லமுத்து அவன் தோளைப் பிடித்தார்.

"பாவிப்பயலே, என்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா? ஒன்ன வெரட்டியே விட்டிருப்பேனே!"

"ஒங்களுக்குத் தெரிஞ்சா அந்தப் புள்ளைக்குந் தெரிஞ்சிரும்ணே. அப்புறம் அந்த எடம் வர்றப்பல்லாம் பயந்து பயந்துல்ல பாடும்? திரும்பக் கொழுந்துக்கே அனுப்பச் சொல்லி பெக்டரி டீமேக்கர் ஐயாகிட்ட கேட்டிருக்கேன். தூசிய விட்டு வெளிய வந்தாத் தொண்ட சரியாயிரும்."

வைரவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"அதுவரைக்கும் என்னையத் திட்டிக்கிட்டே பாடட்டும்ணே."