பக்கவாட்டில் போகும் வரிசை

பள்ளி விட இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அவள் வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, போன் திரையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அரசுப் பேருந்து ஓட்டத் தேர்வானவர்களின் பட்டியல். பெயர் கிடையாது. பக்கம் பக்கமாக எண்கள்.

அவளுடையது 20746.

முழுப் பக்கமும் தெரிய வைத்தால் எண்கள் எறும்பாகின்றன. இரண்டு விரலால் விரித்தால் ஓரமாக ஒரே ஒரு பத்திதான் தெரிகிறது. விரல் கொஞ்சம் வழுக்கினாலும் இடம் தவறிவிடும். மறுபடி மேலிருந்து.

20688. அதன் கீழே 20731. அதன் கீழே 20790.

நடுவில் ஒன்றுமில்லை.

வெயில் படாமல் துப்பட்டாவைத் திரைமேல் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

20731. 20790.

போனை மடியில் கவிழ்த்தாள். சோதனைத் திடலில் அத்தனை பெரிய பேருந்தை ஸ்டியரிங்கின் ஒரே வெட்டில் பின்னால் எடுத்து நிறுத்தியிருந்தாள். வரிசையில் நின்ற ஆண்கள்கூடக் கைதட்டினார்கள்.

பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பேச்சியக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சு, ஜெயக்கொடி?"

"என் நம்பர் இல்லக்கா."

"குடு இங்க."

பேச்சியக்காவுக்கு எழுத்து வராது. எண் வரும். போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரலைப் பக்கவாட்டில் இழுத்தாள்.

"ஏண்டி கீழயே போற? இது பக்கத்துல பக்கத்துல போகுதுல்ல. முப்பத்தொண்ணுக்குப் பக்கத்துல முப்பத்தெட்டு இருக்கு, பாரு."

இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"உன்னது என்ன சொன்ன?"

"ரெண்டு, சைபர், ஏழு, நாலு, ஆறு."

பேச்சியக்கா ஓர் எண்ணின் அடியில் நகத்தை வைத்து, போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவள் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். பின்னாலிருந்து ஒருமுறை படித்தாள்.

மணி அடித்தது.

இருபத்திரண்டு பிள்ளைகள் கூச்சலோடு ஏறினார்கள். அதைவிடப் பெரிய கூச்சல் போட்டது பேச்சியக்காதான்.

சந்தைத் தெரு முனையில் எதிரே அரசுப் பேருந்து வந்தது. இரண்டு வண்டிக்கு இடமில்லை. தினமும் யார் பின்னால் போவதென்று அங்கே தகராறு நடக்கும்.

இன்று அவளே வேனைப் பின்னால் எடுத்து ஒதுங்கினாள்.

பேருந்து ஓட்டுநர் ஆச்சரியமாகப் பார்த்தார். கடந்து போகும்போது ஒரு கையை உயர்த்தினார்.

அவளும் உயர்த்தினாள்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அந்தப் பேருந்து சின்னதாகி மறையும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.