இருபத்து நாலு காம்பரா

"தேத்தண்ணி ஆறுது மிஸ், குடிங்க" என்றார் கஜேந்திரன். நிஷாந்தி கோப்பையைத் தொடவில்லை. இந்த ஹோட்டலின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தன் தொண்டையில் இறங்கக் கூடாது என்று தலவாக்கலையில் டயகம பஸ் ஏறும்போதே தீர்மானித்திருந்தாள்.

அவள் கொழும்பிலிருந்து வந்திருக்கும் அரசாங்கப் பரிசோதகர். கட்டடங்கள் வெளியேற்றும் காபன் வாயுவைக் குறைக்க வந்திருக்கும் புதிய விதிப்படி, ஹோட்டல்களை அளந்து தரம் போடுவது அவள் வேலை. தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கஜேந்திரனின் பெயரைப் பட்டியலில் பார்த்ததும், நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? ஏழு வருடத்துக்கு முன்பு, ஹோட்டலுக்குக் கரண்ட் போதவில்லை என்று கீழ் லயத்துக்குப் போன கம்பியை அறுத்துப் பங்களாவுக்கு இழுத்தவர் அவர்தான்.

அந்த மழைக்காலத்திலேயே, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வெளிச்சத்தில் சமைத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா ராசம்மாவின் சேலையில் தீப்பிடித்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தபோது, எதிரே வந்த கஜேந்திரன் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "ஒரு விளக்க ஒழுங்கா வைக்கத் தெரியாதா இதுகளுக்கு?" என்றார். நிஷாந்தி பல்கலைக்கழகத்தில் விழுந்து விழுந்து படித்தது அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான்.

காலையிலிருந்து குறை தேடினாள். பொய்லர் டீசலைத் தண்ணீராய்க் குடித்தது. சுடுதண்ணீர்க் குழாய்களுக்கு உறை இல்லை, ஜன்னல்கள் ஒன்றும் சரியாக மூடவில்லை. ஆனால் விண்ணப்பத்தில், சதுர அடிக்கு இவ்வளவு காபன் என்ற கணக்கு மட்டும் மிகவும் குறைவாக இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் பிடிபட்டது. 'பணியாளர் விடுதி, இருபத்து நாலு காம்பரா, மின்சாரம் பூச்சியம்.' கீழ் லயத்தை ஹோட்டலோடு சேர்த்து எழுதியிருந்தார். எரிக்கும் டீசல் அதேதான். பரப்பைப் பெரிதாகக் காட்டினால் சதுர அடிக்கு வரும் கணக்கு சின்னதாகிவிடும். அம்மா கருகிய ஒற்றை அறைக் காம்பராவும் அதில் ஒன்று. அந்த இருட்டையும் மனுசன் தனக்கு ஆதாயமாக்கியிருக்கிறார்.

நிஷாந்தி பேனாவை எடுத்தாள். லயத்தின் மேல் ஒரு கோடு கிழித்தால் போதும், ஹோட்டல் பெயில்.

அவள் முகம் மாறியதைக் கஜேந்திரன் கவனித்துவிட்டார். "ஒருவேளை பெயிலானா என்ன மிஸ் நடக்கும்?"

"மூணு மாசத்துல திருத்திட்டு, திரும்ப விண்ணப்பம் போடலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதம். நிஷாந்தி எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"இந்த இருபத்து நாலு காம்பராவும் ஹோட்டலோட சேர்ந்ததா சார்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாம் ஒரே கட்டடம்தான் மிஸ். அங்க இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஹோட்டல்ல வேல செய்யிற ஆளுங்க. வேணும்னா எழுதிக் கையெழுத்தே போட்டுத் தாரேன்."

"தாங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். அவள் அதைப் படம் பிடித்து அனுப்பினாள், கணினியில் எதையோ தட்டினாள். கவுண்டரிலிருந்த இயந்திரம் இரண்டு தாள்களைத் துப்பியது.

"பாஸ் சார். முதலாம் தரம்."

கஜேந்திரன் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தச் சான்றிதழுக்குத்தான் மிஸ் ஜேர்மன் சுற்றுலாக் கம்பனிக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். இனி வருசம் பூரா ஆள் அனுப்புவான்." சந்தோசத்தில் அவருக்குப் பேச்சு வளர்ந்தது. "மிஸ்ஸுக்கு எந்த ஊரு?"

"இங்கதான். கீழ் லயம், எட்டாம் காம்பரா. ராசம்மா மக."

"எந்த ராசம்மா?"

 நிஷாந்தி இரண்டாவது தாளை அவர் பக்கம் தள்ளினாள். "இதையும் வாசிச்சிருங்க."

அவர் சத்தமாகவே வாசிக்கத் தொடங்கினார். 'தரம் பெற்ற கட்டடத்தில் ஆட்கள் வசிக்கும் எல்லா அறைகளுக்கும், விருந்தினர் அறைகளுக்குச் சமமாக, ஆறு மாதத்துக்குள் சூரிய மின்சாரமும் சுடுதண்ணீரும் குளிர் தாங்கும் கூரையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். வசிப்போரை வெளியேற்றக் கூடாது. தவறினால் ஹோட்டல் உரிமம் ரத்தாகும்.' கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"லயத்துக்கா? சுடுதண்ணியா? மிஸ், அது வேற கட்டடம்."

"ஒரே கட்டடம்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அது கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கஜேந்திரன் ஓடிவந்து வாசலை மறித்தார். வேலைக்காரர்கள் பார்ப்பதைக்கூடக் கவனிக்காமல் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மிஸ்... ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னைய பெயிலாக்கிருங்க."