கடைசி டீமின் ரசிகர்

"இந்த வாரமும் தோத்தாச்சா?"

டிவியை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கணவரிடம்தான் தையல்காரி இப்படிக் கேட்டாள். பதில் தேவைப்படவில்லை. அவர் முழித்த முழியே சொல்லிவிட்டது.

"மூணுக்கு ஜீரோம்மா. கடைசி நிமிஷத்துல மட்டும்..."

"கடைசி நிமிஷமும் வேண்டாம், முதல் நிமிஷமும் வேண்டாம். நாளையிலேர்ந்து ஒரு வாரத்துக்கு அந்த வெல்டருக்கும் சேர்த்து நான் சமைக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். கணவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். மூன்று மாதம் முன்பு அங்கே வேலைக்குச் சேர்ந்த வெல்டரோடு அவருக்கு ஒரு பந்தயம். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்ச்சில் யாருடைய டீம் தோற்கிறதோ, அவர் ஜெயித்தவருக்கு அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். பத்து வாரமாகச் சாப்பாடு ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

போகாமல் என்ன செய்யும்? டர்னர் விடாப்பிடியாகக் கட்டுவது மஞ்சள் சட்டை டீமின் மீது. பட்டியலில் கடைசி இடம். அந்த டீமின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததைவிட இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

"கட்டறதுக்கு வேற டீமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"விசுவாசம்மா."

"விசுவாசம் உங்களுக்கு, அடுப்புல வேகறது நானா? அந்த ஆளுக்காவது கொஞ்சம் கூச்சம் வேண்டாம்? ஒரு நாளாவது 'போதும் அண்ணே'ன்னு சொல்ல வாய் வருதா? டப்பாவை வழிச்சு நக்கிட்டு அனுப்பறான். இளிச்சவாயன் கிடைச்சா எவன் விடுவான்?"

டர்னர் நல்ல பிள்ளையாகப் படுக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு உலகம் தலைகீழானது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, எதிர் டீம் ஆள் ஒருவன் சேம் சைடு கோல் போட்டான். மஞ்சள் சட்டை ஜெயித்துவிட்டது.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினாள். "அப்பாடா. நாளைக்கு ஆறு மணி வரைக்கும் தூங்குவேன்."

டர்னர் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "போச்சு. ஜெயிச்சுத் தொலைச்சுட்டானுங்க."

"ஏங்க, மறை கிறை கழண்டுபோச்சா?"

மென்று முழுங்கி, கடைசியில் கக்கினார்.

"அவன் பொண்டாட்டி தவறி ஆறு மாசம் ஆகுது. அன்னைலேர்ந்து வீட்ல அடுப்பே பத்த வைக்கல. மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறந்தா, இவன் மட்டும் 'சாப்பிட்டாச்சு'ன்னு சொல்லிட்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னாடி போய்த் தண்ணி குடிப்பான். நீட்டினா வாங்க மாட்டான், ரோஷக்காரன். பந்தயத்துல ஜெயிச்ச சோறுன்னா வாங்குவான். அதான் தேடி அலைஞ்சு இந்த டீமைப் பிடிச்சேன்."

 இத்தனை வாரமாக அவனைத் திட்டியதெல்லாம் தையல்காரிக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ டப்பாவை அமுக்கி அமுக்கி ரொப்பியிருப்ப. அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். நீ திட்டிக்கிட்டே கட்டினாத்தான் அது பந்தயச் சாப்பாடு."

"சரி, நாளைக்கும் கட்டித் தர்றேன். கொண்டுபோங்க."

"தொட மாட்டான். கணக்குப்படி இந்த வாரம் அவன்தான் எனக்குக் கொண்டுவரணும். எங்கேர்ந்து கொண்டுவருவான் பாவி?"

திங்கட்கிழமை பூராவும் தையல்காரிக்கு வேலை ஓடவில்லை. முகம் தெரியாத அந்த ஆள் மத்தியானம் என்ன பண்ணுவான் என்ற நினைப்பிலேயே, ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகத் தைத்து வைத்தாள்.

சாயங்காலம் டர்னர் வந்ததும் வராததுமாகக் குடத்துக்குப் போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"என்னங்க, பட்டினியா?"

"பட்டினியா இருந்திருந்தா பரவாயில்லையே. சாப்பாடு கொண்டுவந்தான். ரெண்டு டப்பா. அவன் கையாலயே சமைச்சானாம். சோறு கூழு, முட்டை கரி. உப்பு போட்டதை மறந்து மறந்து மூணு தடவை போட்டிருக்கான்."

"அவன் சாப்பிட்டானா?"

"என்னைவிட ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டான்."

தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை வரை டர்னர் தினமும் வயிற்றைத் தடவிக்கொண்டுதான் வீடு வந்தார். ஆனால் வாரக் கடைசியில் தண்ணீர் ஒரு டம்ளராகக் குறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் தொடங்கும் நேரத்துக்கு வெல்டர் தானே வீடு தேடி வந்துவிட்டான். ஒல்லியான ஆள். இரண்டு விரலில் பிளாஸ்திரி. பட்டறைக் காயம் இல்லை, சமையல் காயம்.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்று தையல்காரி இருப்பதிலேயே நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவன் உட்காருவதற்குள் டர்னர் முந்திக்கொண்டார். "வழக்கம்போல மஞ்சள் சட்டை எனக்கு."

"அது நடக்காது அண்ணே."

"ஏன்?"

"நீங்க வேணும்னே தோக்கறீங்கன்னு ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. அண்ணி கைப்பக்குவம் என்னை வாயைத் திறக்க விடல." வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா ஆறு மாசத்துல இந்த ஒரு வாரம்தான், காலைல எந்திரிக்கறதுக்கு எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு."

"அதுக்கு?"

"மஞ்சள் சட்டையை எனக்கு விட்டுடுங்க. இனிமே தோக்கறது என் முறை."