பனி நாட்டுச் செல்வரத்தினம்

“செல்வரத்தினம் உங்களுக்கு என்ன உறவு?”

பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்முகக் குழுவின் தலைவர் நப்ரீஸ் இப்படிக் கேட்டதும் செசிலிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“ஒரு உறவும் இல்லீங்க, சேர். அவர நான் பார்த்ததே இல்ல.”

நப்ரீஸ் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். தேயிலை இலையில் கொப்புளம் கிளப்பும் பூஞ்சையின் மரபணுக்கள்தான் செசிலியின் ஆராய்ச்சி. கட்டுரைகளில் குறை இல்லை. மற்ற ஆராய்ச்சியாளர்கள் அவற்றை மேற்கோள் காட்டியும் இருந்தார்கள். ஆனால் அந்த மேற்கோள்களில் பாதிக்கு மேல் ஒரே ஆளுடையவை. நோர்வேயில் இருக்கும் கே. செல்வரத்தினம்.

வேண்டியவர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிப் பெருமை சேர்த்துக்கொள்வது இப்போது எங்கும் நடக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். உறவோ பழக்கமோ இருந்தால் அந்த மேற்கோள்கள் செல்லாது. அவை போனால் பேராசிரியர் பதவியும் போய்விடும்.

செசிலி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நோர்வேக் காடுகளில் ஒரு பழச்செடியின் இலையிலும் இதே குடும்பத்துப் பூஞ்சை வருகிறது. அவர் அதைப் படிக்கிறார். இதைப் படிக்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான்.

“ஒரு ஈமெயில் கூட எழுதினதில்லையா?”

“இல்லீங்க சேர். வயசானவரு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

நப்ரீஸ் நிமிர்ந்தார். “பார்த்ததே இல்லை என்றீங்க. வயசு எப்படித் தெரியும்?”

“பேர வச்சுத்தான் சேர். இந்தக் காலத்துல யாரு பிள்ளைக்குச் செல்வரத்தினம்னு பேர் வைக்கிறாங்க?”

குழுவில் இருந்த ஒருவர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார். நப்ரீஸ் மட்டும் சிரிக்கவில்லை. செல்வரத்தினத்துக்கும் எழுதிக் கேட்டிருப்பதாகவும், அவர் பதிலைப் பார்த்துத்தான் முடிவு என்றும் சொன்னார். ‘எந்த உறவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு செசிலி வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போகப் பதுளையில் பஸ் ஏறியபோது மழை தூறியது. ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏற ஏறப் பனி இறங்கி, தேயிலை மலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோயின. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்ததும் வழக்கம் போல அவள் கற்பனையில் செல்வரத்தினம் வந்தார்.

அவரும் பனிக்குள்தான் இருந்தார். கம்பளித் தொப்பி, நரைத்த தாடி, மூக்கில் வழுக்கும் கண்ணாடி. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் காடு. மேசையில் அவளுடைய கட்டுரை. ஒரு வரியில் விரலை வைத்து, தலையை மெல்ல ஆட்டினார். சோதனை பிழைத்துப்போய் ஆய்வுகூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த நாட்களில் எல்லாம் செசிலி அந்த விரலைத்தான் நினைத்துக்கொண்டாள். யாரோ வாசிக்கிறார், எங்கேயோ. அது போதும்.

தங்கை சஜீவனி ஒருநாள் இணையத்தில் அவரைத் தேடியிருந்தாள். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஞ்சைதான் இருந்தது. “உன் தாத்தா நல்லா அழகா இருக்காருக்கா” என்றாள்.

ஃபோன் அதிர்ந்தது. நப்ரீஸின் செய்தி. ‘அவரும் உங்களைப் பார்த்ததே இல்லை, எந்த உறவும் இல்லை என்று எழுதிவிட்டார். குழு சம்மதித்துவிட்டது. வாழ்த்துகள், பேராசிரியர்.’

சந்தோஷமாக இருந்தது. கூடவே எங்கேயோ சுருக்கென்றது. உண்மைதான், உறவில்லை. அதை அவரும் சொல்ல வேண்டுமா? பனிக் காட்டு ஜன்னலில் யாரோ திரையை இழுத்து மூடினாற்போல் இருந்தது. அவள் மறுபடி கண்ணை மூடிப் பார்த்தாள். அவர் வரவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்தை அடுத்துக் கட்டிய வீட்டின் வாசலில் சஜீவனி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அக்கா, அப்பாவப் பார்க்க டவுன்லருந்து ஒருத்தரு வந்திருக்காரு. ‘டொக்டர் யேசுரத்தினம்’ வீடு எங்கன்னு சந்தியில விசாரிச்சாராம். அப்பாவும் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டிக்கிட்டு இருக்காரு.”

உள்ளே, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யேசுரத்தினம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, நனைந்த சட்டையோடு ஓர் இளைஞன். கொடுத்த தேத்தண்ணி அவன் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

“உங்கட கட்டுரையில ஸ்பிரிங்வெளி சனத்துக்கு நன்றி எண்டு போட்டிருந்தீங்கள், ஐயா. அதை வச்சுத்தான் தேடி வந்தனான்.”

“ஆமாங்க” என்றார் யேசுரத்தினம், மகளைப் பரிதாபமாகப் பார்த்தபடி.

செசிலி சிரித்துவிட்டாள். “அவரு எங்க அப்பாங்க. எழுதினது நான். என் பேரு செசிலி. முதல் கட்டுரை அனுப்புறப்ப, குடும்பப் பேரு என்னன்னு வெளிநாட்டுல கேட்டாங்க. நமக்கு ஏதுங்க குடும்பப் பேரு? அப்பா பேரப் போட்டேன். அதுலருந்து வெளிநாட்டுக்கு நான் யேசுரத்தினம்தான்.”

இளைஞன் மெதுவாக எழுந்து நின்றான்.

“வயசான ஒரு ஐயாவுக்கு என்னால கரைச்சல் வந்திட்டுது எண்டு மன்னிப்புக் கேக்க வந்தன்” என்றான். “லீவில பதுளைக்கு வந்து நிக்கேக்கதான் உங்கட ஆக்கள் எழுதிக் கேட்டவை. நானும் உங்களை மாதிரித்தான் பேர் போட்டன். என்ர பேர் கிஷாந்தன். செல்வரத்தினம் எண்டது என்ர அப்பா.”

திறந்த கதவு வழியாகப் பனி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. யேசுரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி நமக்கு என்ன உறவும்மா?”

காலையில் அதே கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன செசிலி, இப்போது கிஷாந்தனின் கையிலிருந்த ஆறிய தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, சூடாக வேறு ஊற்றப் போனாள்.