ஐந்தாம் எண் தட்டு

பட்டினி போட்டால் செல்கள் தங்களுக்குள் சேர்ந்த கழிவைத் தாங்களே தின்று சுத்தமாகும். மறதி நோயில் அந்த வேலை நின்றுபோகிறது. திண்டுக்கல் ஆய்வகத்தில் மணிமேகலை பதினோரு வருடமாக இதைத்தான் ஆராய்கிறாள். ஐந்தாம் எண் கண்ணாடித் தட்டில் வளர்ந்தவை அவளுடைய அப்பாவின் தோல் செல்கள். திங்கட்கிழமை அவற்றுக்கு ஊட்டநீரை நிறுத்தினாள்.

அன்று மாலை சின்னாளப்பட்டி வீட்டில் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"மேகலா, பஸ்ஸு லேட்டா?"

இரண்டு வருடமாக அவளை நர்ஸம்மா என்றே கூப்பிட்டு வந்தவர் அவர்.

புதன்கிழமை அவள் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. எடை ஆறு கிலோ குறைந்திருந்தது.

"வேளைக்குப் பத்து இட்லி திங்கிறாரு. அம்புட்டும் எங்கதான் போகுதோ!" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை அப்பா சோற்றை மென்றுகொண்டே மகளைப் பார்த்தார்.

"பசிக்குது ஆத்தா. நீ இன்னும் ஒண்ணும் போடலியே."

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தாள். கழிவை முடித்துவிட்டு, செல்கள் நல்ல பாகங்களையும் தின்னத் தொடங்கியிருந்தன. ஊட்டநீர்ப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டில் ஊற்றினாள். சோதனை பாழ் என்று குறிப்பேட்டில் எழுதினாள்.

மாலையில் அப்பாதான் கதவைத் திறந்தார். நீளமாக ஏப்பம் விட்டார்.

"வாங்க நர்ஸம்மா. செத்த முந்தி வந்திருக்கக் கூடாதா? இப்பத்தான் எம் மக வந்து சோறு போட்டுட்டுப் போறா."