சுழலின் நடுவே

கடலில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த பெருஞ்சுழல் ஒன்றின் நடுவில் கப்பல் நின்றது. சுழலோடு நகர்ந்துவிடாமலிருக்க இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் பெர்சிஸ் கேமராவை ஆழத்துக்கு இறக்கியிருந்தாள். இத்தனை வருடமாக வலையில் அள்ளிய மிதவை உயிரிகளில் பல அவள் கைக்கு சிதைந்து வெறும் கோழையாகத்தான் வந்து சேர்ந்தன. இன்று திரையில் முதன்முறையாக ஒன்று சிதையாமல் தெரிந்தது. கண்ணாடி மணிகளைக் கோத்தது போன்ற உடல், கேமராவைச் சுற்றி வளைந்து, முடிவு தெரியாமல் இருட்டுக்குள் நீண்டிருந்தது.

கேப்டன் அல்போன்ஸ் வேகமாக ஆய்வறைக்குள் வந்தார். "காத்து ஏறுதும்மா. கேமராவைத் தூக்குங்க, கிளம்பணும்."

"இப்பத் தூக்கினா அறுந்துடும் சார். அதுவா விலகுற வரைக்கும் பொறுங்க."

"எது அறுந்துடும்?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். மணிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி விரிந்தன.

"இது உசுரா?"

"உசுருதான் சார். ஒரே உசுரா, பல உசுரு சேர்ந்ததான்னுதான் தெரியலை."

"தலை எங்க இருக்கு?"

"அதைத்தான் நானும் தேடுறேன். கப்பல் லேசா இழுத்தாலே போயிடும்."

அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "இன்ஜினை நிறுத்து" என்றார்.

சத்தம் அடங்கியது. கப்பல் மெல்லத் திரும்பி, சுழலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. அல்போன்ஸ் ஒரு நாற்காலியை இழுத்து, திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.