பழைய கண்ணாடி

படத்தின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. பார்த்ததுமே காவேரி கத்தினாள்.

"பழைய கண்ணாடி எங்கய்யா?"

கடைக்காரர் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னான் அவள் புருஷன் பிரசாத். மயிலாப்பூர் வரை போய்ப் புதுக் கண்ணாடி போட்டு வந்த பெருமை இன்னும் அவன் முகத்தில் இருந்தது.

பட்டாளத்துப் படம் அது. நூறு சிப்பாய்களாவது நெருக்கியடித்து நிற்பார்கள். அதில் ஒருவர் பிரசாத்தின் கொள்ளுத்தாத்தா குப்பன். சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் கோட்டையைக் காக்கப் போய், ஜப்பான்காரன் குண்டுக்குச் செத்தவர். உடல் நொச்சிக்குப்பம் வரவில்லை. இந்தப் படம்தான் வந்தது.

மாசி பிறந்தால் இதன்முன் இலை போட்டுச் சுறாப்புட்டு வைப்பார்கள். கண்ணாடிமேல், அவர் நிற்கும் இடத்தில் சந்தனப் பொட்டு. பழைய பொட்டின்மேலேயே புதுப் பொட்டு. துடைக்கிற வழக்கம் இல்லை.

முதல் பொட்டை வைத்தவள் அவர் பெண்டாட்டி. அவளுக்கு முகம் தெரியும். பின்னால் வந்தவர்களுக்குப் பொட்டு மட்டும்தான் தெரியும்.

அந்தப் போரில் செத்தவர்களுக்காக அடையாறில் கண்காட்சி வைக்கிறார்கள். பெயருக்குமேல் முகம் வேண்டுமாம். தாத்தா முகத்தை மட்டும் இன்று சாயங்காலத்துக்குள் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள், அதை நடத்துகிற ஸ்நேஹா. எங்கள் தாத்தாவை இனி ஊரே முகம் பார்த்துக் கும்பிடும் என்று குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள் காவேரி. இன்றைய படையல் முடிந்ததும் பொட்டை மெதுவாகச் சுரண்டி, அடியில் இருக்கும் முகத்தைப் படமெடுப்பதாக இருந்தாள்.

அதற்குள் இந்த மனுஷன் படம் பளிச்சென்று தெரியட்டும் என்று கண்ணாடியை மாற்றி, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடித்துவிட்டான்.

போன மாசிப் படையலில் எடுத்த படம் போனில் இருந்தது. விரித்து விரித்துப் பார்த்தாள். சந்தனக் கட்டிதான் பெரிதானது.

கண் மறந்தாலும் கை மறக்காது என்று தோன்றியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பொட்டு வைக்கிற கை. கண்ணை மூடி, சந்தனம் தொட்டு வைத்தாள். அதே இடம்தான் என்றான் பிரசாத்.

மெல்ல வழித்துவிட்டுப் பார்த்தாள்.

அவள் விரல் அகலத்துக்குள் மூன்று தலைகள் இருந்தன. மூன்றும் அரிசி பருமன். மூன்றுக்கும் தொப்பி, மூன்றுக்கும் மீசை.

பிரசாத் ஸ்நேஹாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். ஏதாவது ஒன்றை அனுப்புங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் அவள். காவேரி போனைப் பிடுங்கி, எவனோ ஒருத்தன் முகத்துக்கு எங்கள் தாத்தா பெயரா என்று கேட்டுக் கட் பண்ணிவிட்டாள். அதற்குமேல் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

மூக்கைச் சிந்திவிட்டு, சந்தனத்தை முன்னைவிடக் கெட்டியாக அதே இடத்தில் அப்பினாள். பொட்டோடு படமெடுத்து அனுப்பச் சொன்னாள். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

பிரசாத் அனுப்பினான். பிறகு எப்போதும்போல் படத்தின்முன் இலையை விரித்தான்.

"இன்னும் ரெண்டு எலை போடுய்யா," என்றாள் காவேரி. "இத்தினி வருசமா மூணு பேரும் ஒரே எலைல துன்னுக்கினு கீறாங்க."